என்ஜின் ஆயிலுக்கும் ஓர் எக்ஸெல் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் தொகுப்பைத் திறந்து வீட்டு வரவு செலவை எழுதிப் பார்ப்பார்கள். பலர் அத்துடன் நிறுத்திவிடுவார்கள். அதே எக்ஸெல், ஒரு லாரி என்ஜினைத் தேவையில்லாமல் பிரித்துப் போடாமல் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது. எப்படி என்று இங்கு பார்க்கலாம்.

நான் இடையஞ்சாவடியில் இருக்கிறேன். என் மைத்துனர், மரக்காணம் உப்பளங்களில் உப்பு ஏற்றிச் செல்லும் லாரி வைத்திருக்கிறார். கடனில் வாங்கிய வண்டி. ஒருநாள் ஆயில் சோதனை ரிப்போர்ட்டுடன் வந்தார். "மாமா, ஆயில்ல சோடியம் ஏறியிருக்காம். ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், என்ஜினைப் பிரிக்கணும்னு மெக்கானிக் சொல்றார். வண்டி நின்னா தவணையை எப்படிக் கட்டறது?" என்றார்.

ரிப்போர்ட்டில் என்ன இருக்கும்?

நமக்கு ரத்தப் பரிசோதனை போல, என்ஜினுக்கு ஆயில் பரிசோதனை. என்ஜினுக்குள் உரசும் பாகங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்கள் ஆயிலில் கலக்கின்றன. ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவி ஆயிலைக் கடுமையாகச் சூடாக்குகிறது. அப்போது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளியை வெளியிடும். அதை அளந்து, எது எவ்வளவு உள்ளது என்று கருவி பட்டியல் தருகிறது. அளவு பி.பி.எம். என்னும் அலகில் இருக்கும். ஆயிரம் கிலோ ஆயிலில் ஒரு கிராம் இரும்பு இருந்தால் அது 1 பி.பி.எம்.

இரும்பு பெரும்பாலும் சிலிண்டர் லைனர், கிராங்க் ஷாஃப்ட் ஆகியவற்றின் தேய்மானத்தைக் காட்டும். குரோமியம் பிஸ்டன் ரிங்கையும், செம்பும் ஈயமும் பேரிங்கையும் காட்டும். சிலிகான் ஏறினால் மண் தூசு உள்ளே போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். சோடியம் ஏறினால் ரேடியேட்டர் கூலண்ட் ஆயிலில் கலந்திருக்கலாம். இவற்றுடன் ஆயிலின் பிசுக்குத்தன்மை, நீர், டீசல் கலப்பு ஆகியவையும் சோதிக்கப்படும்.

1940களிலேயே அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் ரயில்வே, டீசல் என்ஜின்களின் கோளாறுகளை இந்த முறையில் கண்டறிந்தது. நம் ரயில்வேயின் டீசல் லோகோ ஷெட்களிலும் இது நெடுநாளைய நடைமுறை.

எக்ஸெல்லில் அமைப்பது எப்படி?

ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. மைத்துனரிடம் பழைய ரிப்போர்ட்கள் இரண்டு இருந்தன. புதிய ஒர்க் ஷீட்டைத் திறந்து, ஏ நெடுவரிசையில் தேதி, பி-யில் வண்டி ஓடிய மொத்த கிலோமீட்டர், சி-யில் இந்த ஆயில் ஓடிய கிலோமீட்டர், டி-யில் இரும்பு, ஈ-யில் சிலிகான், எஃப்-இல் சோடியம் என்று தலைப்பிட்டு எண்களை டைப் செய்தேன். ஜி2 செல்லில் சமக்குறி போட்டு, டி2-ஐ சி2-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்கும் ஃபார்முலாவை அமைத்தேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு இரும்பு என்பது இதில் கிடைக்கும். செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் ஃபார்முலா அமைந்துவிடும்.

முதல் ரிப்போர்ட்டில் 9,000 கிலோமீட்டருக்கு இரும்பு 45. இரண்டாவதில் 12,000-க்கு 60. எண் ஏறியதாகத் தோன்றினாலும் இரண்டும் ஆயிரத்துக்கு 5 தான். மூன்றாவதில் 6,000 கிலோமீட்டருக்கே 72, அதாவது ஆயிரத்துக்கு 12. சிலிகான் 8, 10 என்று இருந்தது 38 ஆகியிருந்தது. எண்களைத் தேர்ந்தெடுத்து, இன்ஸெர்ட் டேபில் லைன் சார்ட் கிளிக் செய்ததும் இரும்பும் சிலிகானும் சேர்ந்து ஏறுவது பளிச்சென்று தெரிந்தது.

சோடியமோ 6, 7 என்று இருந்து திடீரென 190-க்குத் தாவியிருந்தது. ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. ஆயிலில் நீர் இல்லை என்றும், கூலண்ட் கலந்தால் பல நேரங்களில் கூடவே ஏறும் பொட்டாசியம் ஏறவில்லை என்றும் ரிப்போர்ட்டே சொன்னது. "ஆயிலை எதில் பிடித்தீர்கள்?" என்று கேட்டேன். உப்பளக் கொட்டகையில் கிடந்த பழைய தண்ணீர் பாட்டிலில்!

கம்ப்யூட்டர் உலகில் ஒரு விதி உண்டு: குப்பையைக் கொடுத்தால் குப்பைதான் வெளியே வரும். ஆய்வகம் தந்த சுத்தமான பாட்டிலில் மீண்டும் ஆயில் எடுத்து அனுப்பினோம். சோடியம் 9. இரும்பும் சிலிகானும் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. என்ஜினைப் பிரிக்காமல் காற்று வரும் வழியைத் தேடியதில், ஏர் ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரிசல். எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. ஹோஸ், ஃபில்டர், ஆயில் மூன்றையும் மாற்றினோம். தேய்ந்தது திரும்பி வராது. ஆனால் அடுத்த ரிப்போர்ட்டில் இரும்பு ஆயிரத்துக்கு 5 என்ற பழைய நிலைக்கு வந்துவிட்டது.

கவனிக்க வேண்டியவை

என்ஜின் சூடாக இருக்கும்போது, கையைச் சுட்டுக்கொள்ளாமல் ஆயிலை எடுக்கவும். வடியும் ஆயிலில் முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கவும். ஆயிலின் பெயர், கிரேடு, ஓடிய தூரம், இடையில் எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள் என்பவற்றைக் குறித்து அனுப்பவும். புது ஆயில் ஊற்றினால் உலோக அளவு குறைந்தது போல் காட்டும். என்ஜினைப் பிரித்துப் பூட்டியிருந்தால் கேஸ்கெட் பசையாலும் சிலிகான் ஏறும். புது ஆயிலையும் ஒருமுறை சோதித்து வைத்தால் ஒப்பிட உதவும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இந்தக் கருவி மிக நுண்ணிய துகள்களையே சரியாகக் காணும். பெரிய உலோகச் சிம்புகள் அதற்குத் தப்பிவிடும். எனவே என்ஜினில் தட்டும் சத்தம் கேட்டால், ரிப்போர்ட் நன்றாக இருந்தாலும் வண்டியை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சிறிய பம்ப்செட் என்ஜினுக்குச் சோதனைக் கட்டணத்தைவிட ஆயிலை மாற்றுவதே மலிவாக இருக்கலாம். லாரி, பெரிய ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இன்றே ஓர் ஒர்க் ஷீட்டைத் திறந்து, கையில் உள்ள முதல் ரிப்போர்ட்டைப் பதிந்து வையுங்கள்.