பனியை அள்ளிச் சாப்பிடலாமா? மணாலி ட்ரிப் போறவங்க படிக்க வேண்டியது!

மணாலியில் பனியைப் பார்த்ததும் பலரும் செய்யும் முதல் வேலை, கை நிறைய அள்ளி நண்பர் மேல் எறிவது. அடுத்தது, கொஞ்சம் வாயில் போட்டு ஒரு ரீல்ஸ் எடுப்பது. வெள்ளை வெளேர்னு இருக்கே, சுத்தமாத்தானே இருக்கும்? அப்படிச் சொல்லிவிட முடியாது.

பனியில் என்ன கலந்திருக்கும்?

பனி கீழே விழும்போதே காற்றில் உள்ள தூசியையும் புகைக்கரியையும் பிடித்துக்கொண்டு வருகிறது. வாகனப் புகையில் உள்ள பென்சீன் போன்ற ரசாயனங்களையும் பனி உறிஞ்சும் என்கிறது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வு. 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், எவரெஸ்ட் பனியிலேயே மைக்ரோபிளாஸ்டிக் இருந்தது தெரியவந்தது. அப்படியென்றால், வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையோரப் பனி எப்படி இருக்கும்?

குளிரில் கிருமி செத்துடாதா?

எல்லாம் சாகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸ், மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் இரண்டும் உறைநிலையைத் தாங்கும். சுற்றுலா இடங்களில் குதிரைகள் நடக்கும் பாதையிலும், ஆட்கள் ஒதுங்கும் இடத்திலும்தான் நாம் அள்ளும் பனியும் கிடக்கிறது.

தாகத்துக்குச் சாப்பிட்டால்?

இதுதான் பெரிய தப்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கான பனியை உருக்கி உடல் சூட்டுக்குக் கொண்டுவர, சுமார் 117 கிலோ கலோரி வெப்பம் தேவை. அது உங்கள் உடம்பிலிருந்துதான் போகும். ஏற்கெனவே நடுங்கிக்கொண்டு, களைத்துப்போய் இருப்பவருக்கு உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இதைத்தான் ஹைப்போதெர்மியா என்கிறார்கள்.

அப்போ தொடவே கூடாதா?

சாலையிலிருந்து தள்ளி, புதிதாகப் பெய்த பனியின் மேல் அடுக்கில் ஒரு வாய் ருசி பார்ப்பதால் ஆரோக்கியமானவர்களுக்குப் பெரிய பிரச்னை வராது. ஆனால் இவை வேண்டாம்:

• மஞ்சள் பனி: பெரும்பாலும் சிறுநீர்
• கறுத்த பனி: புகைக்கரி, மண்
• பிங்க் பனி: அது ஒரு வகைப் பாசி, வயிற்றைக் கலக்கலாம்
• கூரையில் தொங்கும் பனிக்கட்டி: பறவை எச்சத்தோடு உருகி உறைந்தது

வேறு வழியில்லாமல் குடிக்க வேண்டி வந்தால், உருக்கிக் கொதிக்க வையுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அதனால் மூன்று நிமிடமாவது தளதளவெனக் கொதிக்க வேண்டும். மணாலியே அந்த உயரத்தில்தான் இருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ரசாயனம் போகாது.

சிம்பிள் வழி: கிளம்பும்போதே ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணி எடுத்துக்கோங்க. குழந்தைகள் கூட வந்தால் இன்னொரு ஃபிளாஸ்க்கும் சேர்த்து!