படுத்தால்தான் பணம்!

மளிகை, பால், கரண்ட் பில், பசங்களுடைய ஸ்கூல் ஃபீஸ் என்று மாதாமாதம் பட்ஜெட் போடுகிறீர்கள். மெடிக்கல் ஷாப்புக்கு எவ்வளவு போகிறது என்று எப்போதாவது கூட்டிப் பார்த்ததுண்டா? வீட்டில் இரண்டு பெரியவர்கள், ஒருவருக்கு ஷுகர், இன்னொருவருக்கு பிரஷர் என்றால் போதும்... அந்தத் தொகை மளிகை பில்லோடு போட்டி போடும்!

"எங்களுக்கென்ன டாக்டர், மெடிக்ளெய்ம் எடுத்திருக்கோமே!" என்பீர்கள். சிக்கலே அங்கேதான். சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசி, ஆஸ்பத்திரியில் 24 மணி நேரம் படுத்தால்தான் பணம் தரும். கண்புரை ஆபரேஷன், டயாலிசிஸ் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மாதாந்திர மாத்திரை எல்லாம் பெரும்பாலும் நம் கைக்காசுதான்.

எங்கள் சித்த மருத்துவத்துக்கும் மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாகக் காப்பீடு தரவேண்டும் என்று 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. சந்தோஷம். ஆனால் இங்கேயும் அதே கதைதான், படுத்தால்தான் பணம்!

காலுக்கு உண்டு, மாத்திரைக்கு இல்லை

அசோக் நகரில் என்னிடம் வந்தார் ஒரு ரிட்டயர்டு கணக்காளர். பத்து வருஷமாக ஷுகர். கால் எரிச்சலுக்குத் தைலம் கேட்டார். கூட வந்த மனைவி போட்டு உடைத்துவிட்டார்: "மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டுக்கறார் டாக்டர்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டிட்டேன் சார். அதான் இந்த மாசம் இழுபறி..."

கணக்கைப் பாருங்கள். ஷுகர் கட்டுப்படாமல் காலில் புண் வந்து, அது அழுகி, விரலை எடுக்க நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் லட்சக்கணக்கில் தரும். அந்தப் புண்ணே வராமல் காக்கும் மாத்திரைக்கு ஒரு ரூபாய் தராது!

நடுவில் மாட்டிய நாம்

அரசுத் திட்டம்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பு 2022-ல் ஆண்டுக்கு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்ந்தது. அதாவது மாதம் 10,000. நம்மில் பலர் அதைத் தாண்டிவிடுகிறோம். 70 வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் வரை என்று ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 2024 அக்டோபரில் மத்திய அரசு விரிவாக்கியது. அதுவும் முக்கியமாகப் படுக்கைச் சிகிச்சைக்கே.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 2013-14-ல் நூற்றுக்கு 64 ரூபாய் மக்களின் கைக்காசு. 2021-22-ல் அது 39. குறைந்திருப்பது உண்மை. ஆனால் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவிகிதத்தை 2025-க்குள் அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிடவேண்டும் என்றது 2017 தேசிய சுகாதாரக் கொள்கை. 2021-22-ல் எட்டியது 1.84 சதவிகிதம்தான்.

வழி இல்லாமலில்லை. அதைக் காட்டியதே நம் தமிழ்நாடுதான்! 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மூலப்பெயரில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்றின. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், ஷுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. வருமுன் காப்பது என்றால் இதுதான்.

நீங்கள் செய்யவேண்டியது

* மாத்திரையின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் ஆகியவற்றில் விலையை விசாரியுங்கள்.

* "கவர்மென்ட் ஆஸ்பத்திரியா?" என்று முகம் சுளிக்காதீர்கள். நம் பக்கத்தில் கே.கே.நகரிலேயே அரசு புறநகர் மருத்துவமனை இருக்கிறது. க்யூ இருக்கும்தான். ஆனால் மாதாமாதம் மருந்துச் செலவு மிஞ்சுமே!

* பாலிசியில் ரூம் வாடகை வரம்பைப் படியுங்கள். அதற்கு மேற்பட்ட ரூமில் சேர்ந்தால், பில்லின் வேறு சில செலவுகளிலும் அதே விகிதத்தில் பிடிக்கும் பாலிசிகள் உண்டு.

* இருக்கும் வியாதியை மறைத்து பாலிசி எடுக்காதீர்கள். 2024 விதிப்படி அதற்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம்தான்.

* சூரணமோ கஷாயமோ சாப்பிடுகிறோம் என்று ஷுகர், பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்!

அந்தக் கணக்காளருக்கும் இதையேதான் சொன்னேன். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் கேட்கவேண்டியதும் ஒன்றுதான்: "படுத்தபிறகு லட்சம் தருவது இருக்கட்டும். படுக்காமல் இருக்க மாதா மாதம் மாத்திரைக்கு என்ன வழி?"