பேனாவைத் தொடாதே

மனநோய் பற்றிய புனைவையும் சுயசரிதையையும் ஒரே விதமாக வாசிக்க முடியாது என்றே நினைக்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் இரண்டையும் எழுதியவர். 1887இல் கடும் மனச்சோர்வோடு மருத்துவர் வெயர் மிட்செலிடம் போனார். படுக்கை, நிறையச் சாப்பாடு, பூரண ஓய்வு, இதுதான் சிகிச்சை. வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் உத்தரவு: இனி ஆயுசுக்கும் பேனாவைத் தொடாதே. சுமார் 3 மாதம் கீழ்ப்படிந்து, நிலைகுலைவின் விளிம்புவரை போனார். உத்தரவை மீறி மறுபடி எழுதத் தொடங்கித்தான் ஓரளவு தேறினார்.

1892இல் வெளியான அவருடைய ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதையின் கதைசொல்லியோ தேறுவதில்லை. கணவனே மருத்துவன். அவனுக்குத் தெரியாமல் ஒளித்து எழுதுகிறாள். சுவர்த்தாளுக்குப் பின்னே அடைபட்ட ஒரு பெண்ணைக் காண்கிறாள். 1935இல் வந்த சுயசரிதை நோயைப் பின்னோக்கிப் பார்த்துச் சொல்கிறது.

அரசியல் இங்கேதான் இருக்கிறது. சுயசரிதை எழுதுகிறவர் “இப்போ நான் தெளிவா இருக்கேன்” என்று முதலில் நிரூபித்தாக வேண்டும். இல்லாவிட்டால் பைத்தியம் பேசறதை யார் கேட்பா? புனைவுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டாம். நோயின் நிகழ்காலத்துக்குள் இருந்தே அது பேசும். மருத்துவர் ‘அறிகுறி’ என்று குறித்துக்கொள்வதை வாசகர் சாட்சியமாகக் கேட்க வேண்டியதாகிறது. தெளிந்த பிறகு சொல்வதை மட்டும்தான் நம்புவோம் என்றால், அந்த மருத்துவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?