பொருளும் அணியும்

சிவகாசியை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். 1922 ஆம் ஆண்டளவில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்தனர். அவர்கள் ஊன்றிய தொழிலைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் வறண்ட அக்கரிசற் பூமியில் வேர்கொண்டன. கணிப்பொறியைப் பற்றிய பாடத்தில் பட்டாசு எதற்கு என்று நீங்கள் வினவலாம். காரணம் உண்டு.

சிவகாசிக் கடைவீதியில் பட்டாசுக் கடை ஒன்றைக் காண்க. சுவரை ஒட்டிய தட்டுகளில் மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம் என்று பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று அறிந்தவர் கையை நீட்டி எடுக்கலாம்; வைக்கவும் செய்யலாம். தட்டு எதையும் தடுப்பதில்லை. ஊருக்கு வெளியே உள்ள வெடிமருந்துக் கிடங்கோ அத்தகையதன்று. அங்கே பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். வேண்டியதன் பெயரை அவரிடம் கூறவேண்டும்; அவரே எடுத்துத் தருவார். உள்ளே வைக்க வேண்டுமாயினும் அவர் பார்த்து ஏற்றல் வேண்டும்.

கணிப்பொறி மொழிகளில் தட்டைப் போன்றது அணி; கிடங்கைப் போன்றது பொருள். அணியில் உள்ள ஒன்றைப் பெறுவதற்குப் பகர அடைப்பினுள் அதன் பெயரை எழுதினாற் போதும். $இருப்பு['கந்தகம்'] என்று எழுதினால் கந்தகத்தின் அளவு கிடைக்கும். பொருளிடம் அவ்வாறு கேட்க இயலாது. அதற்குரிய செயல்முறையைப் பெயர் சொல்லி அழைத்தல் வேண்டும். பொருளையும் பகர அடைப்பினாலேயே வினவ முடிந்தால் எவ்வளவு எளிதாயிருக்கும்! வலைத்தளங்களை இயக்கும் பி.எச்.பி. என்னும் மொழி அதற்கு வழி கண்டுள்ளது.

இம்மொழியை 1994 இல் தொடங்கியவர் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர். 2004 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வெளிவந்த இதன் ஐந்தாம் பதிப்பில் 'அரேஅக்சஸ்' என்னும் உடன்படிக்கை இடம்பெற்றது. அதை ஏற்கும் பொருள் நான்கு செயல்முறைகளைத் தன்னகத்தே கொண்டிருத்தல் வேண்டும். கேட்டதைத் தருவது ஆஃப்செட்கெட், கொடுத்ததை வைப்பது ஆஃப்செட்செட், உளதா இலதா என்று கூறுவது ஆஃப்செட்எக்சிஸ்ட்ஸ், நீக்குவது ஆஃப்செட்அன்செட். நாம் பகர அடைப்பை எழுதும்போது மொழியானது உரிய செயல்முறையைத் தானே அழைத்துக்கொள்கிறது. (மாறிகளின் பெயரைத் தமிழ் எழுத்துகளிலேயே எழுத இம்மொழி இடந்தருகிறது என்பதை அறிந்தோர் சிலரே. மேலே எழுதிய வரி கற்பனையன்று, அவ்வாறே இயங்கும்.)

இதனால் விளையும் பயன் யாது? தீக்குச்சியின் தலைக்குப் பொட்டாசியம் குளோரேட்டு வேண்டும். வாணங்களுக்கு வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியன வேண்டும். குளோரேட்டும் கந்தகமும் கலந்தால் சிறு உராய்விலும் தீப்பற்றும். ஆதலின், தீக்குச்சித் தலை போன்ற சிலவற்றிற்கு மட்டும் விலக்களித்து, இக்கலவையுடைய வெடிபொருள்களை மத்திய அரசு 1992 இல் தடைசெய்தது. இனி, ஒரு கிடங்கின் இருப்புக் கணக்கைக் கணிப்பொறியில் எழுதுவதாகக் கொள்வோம். வெறும் அணியாயின், கந்தகம் உள்ள அறையின் பெயரிலேயே குளோரேட்டையும் எழுதிவிடலாம். அது வாய் திறவாது. அணிபோல் நடக்கும் பொருளாயின், ஆஃப்செட்செட் என்னும் செயல்முறையினுள், "கந்தகம் உள்ளதா என்று முதலில் பார், இருப்பின் மறுத்துவிடு" என்று நாம் எழுதி வைக்கலாம். எழுதுவோர்க்குப் பழகிய அடைப்புக்குறியே; அதன் பின்னே காவல் நிற்கிறது.

ஆயினும் இக்காவலில் ஓர் ஓட்டை உண்டு. பலரும் இடறி விழுந்த இடம் அது. இருப்பில் அறைகளும், அறைக்குள் சரக்குகளும் உள்ளன என்க. $இருப்பு['அறை1']['குளோரேட்டு'] = 20 என்று ஒருவர் எழுதுகிறார். முதல் அடைப்பைக் கண்டவுடன் மொழி ஆஃப்செட்கெட்டை அழைத்து, அறை1 என்னும் அணியைப் பெறுகிறது. பெற்றது மூலம் அன்று, படியே. இருபது என்னும் எண் அப்படியில் எழுதப்பட்டு, படியுடன் மறைந்துபோகிறது. இம்மாற்றத்தால் பயனில்லை என்று மொழி ஓர் அறிவிப்பைத் தரும். அதனைப் படியாதார்க்கு எழுதியாயிற்று என்ற எண்ணமே மிஞ்சும். இதற்கு மாற்றாகப் படியைத் தராமல் மூலத்தையே சுட்டித் தருமாறு செயல்முறையை அமைப்பாரும் உளர். அப்போது எண் உரிய இடத்தில் ஏறிவிடும்; ஆனால் ஆஃப்செட்செட் அழைக்கப்படுவதே இல்லை. காவலர் முன்வாயிலில் நிற்க, சரக்குப் புறவாயில் வழியே புகுந்த கதைதான். என் கருத்தில் முன்னதைவிடப் பின்னதே கொடிது. ஒவ்வோர் அறையையும் தனித்தனிக் காவலுடைய பொருளாக அமைப்பதே தக்க வழி.

அணிபோல் நடப்பது அணி ஆகிவிடாது என்பதையும் மறத்தலாகாது. வரிசைப்படுத்துதல் முதலிய அணிக்குரிய செயற்கூறுகள் இப்பொருளை ஏற்க மறுக்கும். ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவதற்கும், எண்ணிச் சொல்வதற்கும் தனித்தனி உடன்படிக்கைகள் வேண்டும். எண்ணும் உடன்படிக்கை இல்லாத பொருளை எண்ணச் சொன்னால், முற்காலப் பதிப்புகள் தயங்காமல் "ஒன்று" என விடையிறுத்தன. நூறு பெட்டி உள்ள கிடங்கும் ஒன்றே, வெறுங்கிடங்கும் ஒன்றே! 2017 இல் வந்த 7.2 ஆம் பதிப்பு இதற்கு எச்சரிக்கை தந்தது; 2020 இல் வந்த எட்டாம் பதிப்பு பிழையென்றே நிறுத்திவிட்டது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. ஓர் அணிக்கு இரண்டாம் பெயரிட்டால், கணக்கேட்டைப் படியெடுத்தாற் போலத் தனியே ஒன்று உண்டாகும். அதில் திருத்தினால் முன்னது மாறாது. பொருளுக்கு இரண்டாம் பெயரிடுவதோ கிடங்கின் பூட்டுக்கு மற்றொரு சாவி செய்வது போன்றது. எந்தச் சாவியால் திறந்து எடுத்தாலும் குறைவது ஒரே கிடங்கின் சரக்குதான்.