கடவுச்சீட்டுக் கதைகள் – 7: லெனானைத் துரத்திய கோப்பு

சாப்ளினைச் சென்ற வாரம் நடுக்கடலில் விட்டுவிட்டு வந்தோம். 1952 செப்டம்பரில் அவர் கப்பலேறி லண்டன் போய்க்கொண்டிருக்கும்போதே, திரும்பி வருவதற்கான அனுமதியை அமெரிக்க அரசு ரத்து செய்தது. சாப்ளின் வழக்கு எதுவும் போடவில்லை. சுவிட்சர்லாந்தில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். இருபது ஆண்டு கழித்து, கௌரவ ஆஸ்கர் பெறுவதற்காக 1972 ஏப்ரலில் நியூயார்க்கில் வந்து இறங்கினார். அப்போது அதே ஊரில் இன்னொரு இங்கிலாந்துக்காரர் நாடு கடத்தல் வழக்கில் சிக்கியிருந்தார். அவர் பீட்டில்ஸ் இசைக்குழுவில் பாடிய ஜான் லெனான். சாப்ளின் செய்யாததை இவர் செய்தார், அரசோடு மோதினார்.

லெனானும் மனைவி யோகோ ஓனோவும் 1971 ஆகஸ்டில் நியூயார்க் வந்தார்கள். யோகோவின் மகள் கியோகோ யாரிடம் வளர்வது என்பதில் முந்தைய கணவரோடு தகராறு. அந்த வழக்கு அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்தது. இருவரிடமும் இருந்தது வெறும் விசிட்டர் விசா. அது 1972 பிப்ரவரி 29-ஆம் தேதியோடு முடிந்தது. மார்ச்சில் நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கிவிட்டது.

அரசு காட்டிய காரணம் பழைய போதைப்பொருள் வழக்கு. 1968-இல் லண்டன் போலீஸ் அவர் தங்கியிருந்த வீட்டைச் சோதனையிட்டுக் கஞ்சாப் பிசினைக் கைப்பற்றியது. லெனான் குற்றத்தை ஒப்புக்கொண்டு 150 பவுண்டு அபராதம் கட்டினார். கஞ்சா வைத்திருந்ததாகத் தண்டனை பெற்றவருக்கு அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்க இடமில்லை என்று அந்நாட்டுச் சட்டம் அப்போது சொன்னது. அந்தச் சோதனையை நடத்திய நார்மன் பில்ச்சர் என்ற போலீஸ்காரர் பின்னாளில், வேறொரு வழக்கில் நீதியைத் திசைதிருப்பச் சதி செய்ததற்காகச் சிறைக்குப் போனார். இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

உள்காரணம் வேறு. 1972 அமெரிக்காவில் தேர்தல் ஆண்டு. முதல் முறையாகப் பதினெட்டு வயதினர் அதிபர் தேர்தலில் வாக்களிக்கப் போகிறார்கள். வியட்நாம் போரை எதிர்த்துப் பாடும் லெனான் ஊர் ஊராக மேடை ஏறினால் அந்த வாக்குகள் அதிபர் நிக்ஸனுக்கு எதிராகத் திரும்பும் என்று ஆளுங்கட்சிக்குப் பயம். ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற செனட்டர் பிப்ரவரியிலேயே அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். லெனானை வெளியேற்றிவிட்டால் தொல்லை தீரும் என்பது அதன் சாரம்.

லெனான் அமர்த்திக்கொண்ட வழக்கறிஞர் லியோன் வைல்ட்ஸுக்கு பீட்டில்ஸ் பற்றி அதிகம் தெரியாது. கட்சிக்காரர்களைச் சந்தித்துவிட்டு வீட்டுக்குப் போய், மனைவியிடம் பெயர்களைக் குழப்பி, நடிகர் ஜாக் லெமன் வந்ததாகச் சொன்னவர் அவர். என் பார்வையில் அதுவே லெனானின் அதிர்ஷ்டம். ரசிகராக இருந்திருந்தால் பாட்டைப் பற்றிப் பேசியிருப்பார். இவர் கோப்பைப் படித்தார்.

முதல் வேலையாக, லெனானும் யோகோவும் கலைத்துறையில் தலைசிறந்தவர்கள், அவர்கள் இங்கே இருப்பது நாட்டுக்கு லாபம் என்று மனுப் போட்டார். உலகத்துக்கே தெரிந்த ஆளுக்கு அத்தாட்சி எதற்கு என்று தோன்றும். ஆனால் குடியேற்றத் துறைக்குக் காது கிடையாது, கண் மட்டும்தான், காகிதம் வேண்டும். பாப் டிலன், லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் உள்ளிட்டோர் லெனானுக்காகக் கடிதம் எழுதினார்கள். அந்த மனுவையும் அதிகாரிகள் பிரிக்காமலே வைத்திருந்தார்கள். வைல்ட்ஸ் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் அது நகர்ந்தது.

இன்றும் நடைமுறை பெரிதாக மாறிவிடவில்லை. வெளிநாட்டு நடிகர், பாடகர்களுக்கான ஓ-1 விசா 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. கலைஞர் தானாக மனுப் போட முடியாது. அமெரிக்காவில் உள்ள நிறுவனமோ ஏஜென்ட்டோ போட வேண்டும். ஆஸ்கர், கிராமி போன்ற விருதோ அதற்கான பரிந்துரையோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் முக்கிய வேடம், பத்திரிகை விமர்சனம், வசூல், வல்லுநர் கடிதம், உயர்ந்த சம்பளம் என்று ஆறு வகைச் சான்றுகளில் குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும். அந்தத் தொழிலின் சங்கத்திடமும் கருத்துக் கேட்பார்கள். எல்லாம் கூடி வந்தால் முதலில் மூன்று ஆண்டு வரை கிடைக்கும். கச்சேரிச் சுற்றுக்குப் போகும் நம் கர்நாடக இசைக்காரர்கள் பலர் வாங்கும் பி-3 விசாவுக்கும் ஏறக்குறைய இதே அலைச்சல்தான்.

லெனானுக்குத் திரும்புவோம். 1973 மார்ச்சில் குடியேற்ற நீதிபதி, யோகோ நிரந்தரமாகத் தங்கலாம், லெனான் 60 நாளில் வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார். கணவன் மனைவியைப் பிரிக்கும் தீர்ப்பு. வைல்ட்ஸ் மேல்முறையீடு செய்தார். கூடவே தகவல் அறியும் சட்டத்தைக் கையிலெடுத்து, அரசு வெளியே சொல்லாத ஒரு பழக்கத்தைத் தோண்டி எடுத்தார். நாடு கடத்தப்பட வேண்டிய சிலரை இரக்கத்தின் பேரில் ‘முன்னுரிமை இல்லாதவர்கள்’ என்று தனியாகக் குறித்து, தொந்தரவு செய்யாமல் விட்டுவைப்பார்கள். லெனானைவிடப் பெரிய குற்றம் செய்தவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அவர்களுக்கு உண்டு, இவருக்கு ஏன் இல்லை?

1975 அக்டோபர் 7 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் லெனான் பக்கம் நின்றது. தன்னிடம் இருப்பது போதைப்பொருள் என்று தெரியாதவரையும் தண்டிக்கக்கூடியதாக அன்றைய பிரிட்டிஷ் சட்டம் இருந்தது. அப்படிப்பட்ட தண்டனையைக் காட்டி ஒருவரை அமெரிக்கா விலக்க முடியாது என்றது. எழுதியவர் நீதிபதி இர்விங் காஃப்மன். உளவு வழக்கில் ரோசன்பர்க் தம்பதிக்கு மரண தண்டனை விதித்த அதே காஃப்மன். இரண்டு நாள் கழித்து, லெனானின் பிறந்த நாளிலேயே, மகன் ஷான் பிறந்தான். 1976 ஜூலை 27 அன்று லெனான் கையில் கிரீன் கார்டு. அவரை விரட்ட நினைத்த நிக்ஸன் அதற்கு ஈராண்டு முன்பே பதவி விலகியிருந்தார்.

இந்த வழக்கில் லெனானைவிட அதிகம் லாபம் அடைந்தவர்கள் அவரை அறியாதவர்கள். வைல்ட்ஸ் வெளிக்கொண்டுவந்த அந்த ரகசியப் பழக்கம் பின்னர் வெளிப்படையான நடைமுறையானது. சிறுவயதில் ஆவணமில்லாமல் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு 2012-இல் ஒபாமா அரசு அளித்த பாதுகாப்பு அதன் மேல்தான் எழுந்தது. லட்சக்கணக்கான இளைஞர்கள் அதில் வேலை அனுமதி பெற்றார்கள்.

ரஜினிகாந்தும் மம்மூட்டியும் மோகன்லாலும் வாங்கியிருக்கும் அமீரகத்தின் கோல்டன் விசா, அடுத்த வாரம்.

(தொடரும்)