வானொலி உத்தியோகம் யாருக்கு?

ஆகாயத்தில் செல்லும் வானொலி அலைகள் பொதுஜனங்களின் சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் தீர்ப்பளித்தது. ஒரு கம்பெனியோ, கலாசாலையோ, தர்ம ஸ்தாபனமோ ஸர்க்காரிடம் அனுமதி பெற்று அவற்றை உபயோகிக்கலாம், சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. இந்தத் தத்துவத்தை ஒப்புக்கொண்டால், அதிலிருந்து பிறக்கும் மற்றொரு முடிவையும் ஒப்புக்கொண்டே தீரவேண்டும். பொதுச் சொத்தைக் கொண்டு நடக்கும் நிலையத்தில் ஓர் உத்தியோகம் காலியானால், அச்செய்தி ஊரறிய வெளிவர வேண்டும். தெரிந்தவர் காதில் மட்டும் சொல்லி முடிக்கும் காரியமாக அது இருத்தலாகாது. இதையே நாம் இன்று வற்புறுத்த விரும்புகிறோம்.

சென்னைக்குத் தெற்கே வசிப்பவர்களுக்கு இவ்விஷயத்தில் தனி அக்கறை உண்டு. நம் தேசத்தின் முதல் சமுதாய வானொலி நிலையம் 2004-ஆம் வருஷம் பிப்ரவரி 1-ஆம் தேதி கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆரம்பமாயிற்று. பின்னர் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியிலும், காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். கலாசாலையிலும் இத்தகைய நிலையங்கள் தோன்றின. இவற்றின் ஒலி சில மைல் தூரமே எட்டும். அச்சில மைல்களுக்குள் வாழ்பவர் யாவர்? அனகாபுத்தூர் நெசவாளர், பம்மல், குரோம்பேட்டைத் தோல் தொழிலாளர், ஆலைகளில் இரவு முறை பார்த்துத் திரும்பும் பெண்கள், வேலை தேடித் தாம்பரம் ரயிலடியில் வந்திறங்கும் தென்ஜில்லா வாலிபர்கள். சமுதாய வானொலியின் நிகழ்ச்சிகளில் பாதியேனும் அவ்வட்டார ஜனங்களின் பங்குடன் தயாராக வேண்டுமென்பது ஸர்க்கார் விதி. பேட்டி கொடுக்க மட்டும் இவர்களை அழைத்துவிட்டு, கேள்வி கேட்கும் நாற்காலியை வேறொருவருக்கென்றே ஒதுக்கி வைத்தால் அதைப் பங்கு என்று சொல்ல முடியுமா?

சட்டம் அடியோடு மௌனமாக இல்லை. ஸர்க்கார் உத்தியோகங்களில் அரசியல் சட்டத்தின் 16-ஆவது ஷரத்து ஸமத்துவத்துக்குக் காவல் நிற்கிறது. தனியார் நிலையங்களுக்கு அக்காவல் எட்டவில்லை. எனினும், ஆளெடுப்பில் ஆண் பெண் பேதம் பாராட்டலாகாதென்று 1976-ஆம் வருஷத்துச் சமஊதியச் சட்டமே விதித்தது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, தனியார் ஸ்தாபனங்களும் தங்கள் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட்டே ஆகவேண்டும் என்கிறது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் நடந்த தென்பிராந்திய சமுதாய வானொலி மகாநாட்டையொட்டி வெளியான திருத்த விதிகள், நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டுமென்றன. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆனால் குழுவில் உட்காருவது வேறு, ஒலிவாங்கியின் முன் உட்காருவது வேறு. கேட்பவர் காதில் விழுவது பின்னவர் குரலே.

"குரல் வேண்டாமா? சுத்தமான உச்சரிப்பு வேண்டாமா? யோக்கியதை பாராமல் எப்படி ஆளெடுப்பது?" என்று சிலர் கேட்பர். யோக்கியதை அவசியம் வேண்டும். அதில் நமக்குத் தகராறில்லை. லகர ளகர ழகர பேதம் தெளிவாக ஒலிக்க வேண்டும் என்பது நியாயம். பட்டணத்து நாகரிகக் குடும்பங்களின் பேச்சு மட்டுமே தமிழ் என்பது நியாயமன்று. ஜஹீராபாத் பக்கத்தில் மாச்சனூர் கிராமத்து ஸங்கம் வானொலியை 2008-ஆம் வருஷம் அக்டோபர் முதல் நடத்தி வருபவர்கள் ஏழைத் தலித் பெண்கள். பட்டம் பெற்று அவர்கள் அத்தொழிலுக்கு வரவில்லை. பயிற்சி கிடைத்தது, தொழில் கைவந்தது.

யோக்கியதையின் பெயரால் அடைபடும் வாசல் ஒன்று. சம்பளமின்மையால் அடைபடும் வாசல் மற்றொன்று. ஆறு மாதம் ஊதியமின்றித் தொண்டு செய்தால் பிறகு பார்க்கலாம் என்பது கேட்க இனிமையானது. வீட்டில் வேறு வருமானம் உள்ளவனுக்கே அது சாத்தியம். கூலிக்காரன் மகள் அன்றைக்கே விலகிவிடுவாள். அவளை யாரும் விலக்கியதாகக் கணக்கில் வராது.

அமெரிக்காவிலும் இந்த வழக்கு நெடுநாள் நடந்தது. 1969 முதல் அங்கே வானொலி நிலையங்களுக்குச் சமவாய்ப்பு விதிகள் இருந்தன. 1998-இலும் 2001-இலும் நீதிமன்றம் அவற்றைத் தள்ளியது. பின்னர் 2002-இல் வகுத்த விதி, காலியிடத்தைப் பரவலாக அறிவித்து, அறிவித்த விவரத்தை வருஷந்தோறும் பொதுஜனப் பார்வைக்கு வைக்கும்படி கட்டளையிட்டது. இன்னாரை எடு என்று அது சொல்லவில்லை. கதவைத் திற என்று மட்டும் சொன்னது.

நாம் கேட்பதும் அவ்வளவே. காலியிடம் ஏற்பட்டால் நிலையம் தன் அலையிலேயே அதை மும்முறை அறிவிக்கட்டும். மாநகராட்சி அலுவலகங்களிலும், நூலகங்களிலும், பூவிருந்தவல்லிப் பார்வையற்றோர் பள்ளி போன்ற இடங்களிலும் விளம்பரம் ஒட்டட்டும். பயிற்சிக் காலத்துக்குப் படி கொடுக்கட்டும். மனுதாரரின் குரலைப் பதிவு செய்து, பெயரின்றி எண் மட்டும் இட்டுத் தேர்வாளர் கேட்கட்டும். முகமும் ஜாதியும் சிபாரிசும் தெரியாமல் ஒருவரது திறமையை எடைபோட வானொலியைப் போல வசதியான தொழில் வேறில்லை. வானொலி கேட்போர் அறிவிப்பாளரின் முகத்தைப் பார்ப்பதில்லை. தேர்வு செய்வோர் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

தாம்பரம் முதல் காட்டாங்கொளத்தூர் வரையுள்ள பொதுநல ஊழியர்கள் தங்கள் வட்டார நிலையத்தை அணுகி, சென்ற வருஷம் எத்தனை இடங்கள் காலியாயின, எங்கே அறிவிக்கப்பட்டன என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கவேண்டும். ஒழுங்காக நடப்பவர்கள் பதில் சொல்லத் தயங்கமாட்டார்கள். தயங்குவோரிடம் மீண்டும் மீண்டும் கேட்பது ஜனங்களின் கடமை. அலை அவர்களுடையது.