பிள்ளைக்கு நோய் வந்த வீடு: அன்றும் இன்றும்

நாற்பது வருடங்களுக்கு முன்பு ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தால், டாக்டர் அதை அப்பாவிடமோ தாய்மாமனிடமோ தனியே அழைத்துச் சொல்வார். அம்மாவிடம் ‘ரத்தம் கம்மியா இருக்காம், ஏத்தினா சரியாயிடும்’ என்பார்கள். மணிரத்னத்தின் ‘அஞ்சலி’ 1990-ல் வந்தது. அதிக நாள் பிழைக்காது என்று டாக்டர் சொன்ன குழந்தை பிறந்தபோதே இறந்துவிட்டதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, அந்த உண்மையைத் தனியாளாகச் சுமக்கும் அப்பா அதில் வருவார். சினிமாதான். ஆனால் அந்த இடம் யாருக்கும் நம்ப முடியாததாகத் தோன்றவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்குச் செய்யும் உதவி என்று பல வீடுகள் மனதார நம்பிய காலம் அது.

மறைத்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னாலும் செய்வதற்கு அதிகம் இல்லை என்ற நிலையில்தான் மருத்துவம் வெகுகாலம் இருந்தது. புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பலர் கையை விரித்த பிறகும் விடாமல் முயன்று 1954-ல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியபோது அங்கே இருந்தவை 12 படுக்கைகள். அடுத்த வருடம் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-ல் இறக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. 1960-களிலேயே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவும் வந்துவிட்டது. ஆனாலும் 1980-களின் தொடக்கம்வரை நம் நாட்டில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் ஐந்தில் ஒன்று பிழைத்தால் அதுவே பெரிது.

அந்த நிலை மாறியதற்கு ஒரு திட்டமிட்ட முயற்சி காரணம். 1984-ல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு கைகோத்து, அடையாறு, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றத் தொடங்கின. எந்த மருந்து, எந்த நாளில், எவ்வளவு என்பதை மூன்று இடங்களிலும் ஒன்றுபோலச் செய்து, பலனையும் ஒன்றுபோலக் கணக்கெடுத்தார்கள். பத்துப் பதினைந்து வருடங்களில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். இன்று வசதியான நாடுகளில் குழந்தைப் புற்றுநோய்களில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகின்றன. உலகம் முழுக்க 60 சதவீதக் குழந்தைகளாவது 2030-க்குள் பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் இலக்கு வைத்திருக்கிறது.

இந்த இடத்தில் எல்லாப்பிரகடா சுப்பாராவை நினைக்காமல் என்னால் கடக்க முடியாது. சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு அடுத்தடுத்து இழந்தவர் அவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போய், அந்த நோய்க்கு மருந்தான ஃபோலிக் அமிலத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளும் அதே குழுவிலிருந்து வந்தன. அவற்றில் ஒன்றைத்தான் 1947 கடைசியில் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார். கொஞ்ச காலத்துக்கேனும் நோய் பின்வாங்கியது அதுவே முதல்முறை. அதே குடும்பத்தைச் சேர்ந்த மெதோட்ரெக்சேட் மாத்திரையை, அடங்கிய நோய் திரும்பாமல் இருக்க மருந்து தொடரும் ‘மெயின்டனன்ஸ்’ கட்டத்துக் குழந்தைகள் இன்றும் வாரம் ஒருமுறை விழுங்குகிறார்கள். உடன்பிறந்தவர்களைப் பறிகொடுத்த ஒருவரின் உழைப்பு அந்தச் சின்ன மாத்திரைக்குப் பின்னால் இருப்பது, அதைக் கொடுக்கும் அம்மாக்களுக்குத் தெரிந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றும்.

மருந்து வந்த பிறகும் குழந்தைகள் இறந்தார்கள். சிகிச்சை இரண்டு மூன்று வருடம் நீளும். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த குடும்பம் அத்தனை காலம் சென்னையில் எங்கே தங்கும்? அன்று மருத்துவமனை மரத்தடி, வராண்டா, தெரிந்தவர் வீட்டுத் திண்ணை என்று மாறி மாறி இருந்தார்கள். முதலில் மாடு போகும், பிறகு தாலி அடகுக்குப் போகும், கடைசியில் நிலம். வீட்டில் விட்டு வந்த மற்ற பிள்ளைகள் பாட்டியிடம் இருக்கும். அப்பாவுக்கு வேலை போயிருக்கும். காய்ச்சல் குறைந்து குழந்தை நாலு அடி ஓடி விளையாடியதும் ‘சரியாயிடுச்சு’ என்று ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். சிகிச்சை பாதியில் நின்றுபோகும். சில மாதம் கழித்து நோய் திரும்பும்போது மருந்து கேட்காது. டாக்டர்கள் இதை வெகுநாள் பெற்றோரின் அறியாமை என்று எண்ணினார்கள். பஸ் காசும் தங்க இடமும் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம் என்பது மெல்லத்தான் புரிந்தது.

அந்த வகையில் இன்றைய நிலைமை எவ்வளவோ மேல். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் வந்த பிறகு, கீமோவுக்காக நிலத்தை விற்ற கதைகள் குறைந்திருக்கின்றன. ரேஷன் கார்டும், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்றும் கையில் இருந்தால் அட்டை கிடைக்கிறது. புற்றுநோய் நோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் கிடையாது. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. டாக்டரின் சான்று வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்து வரும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

தங்குவதற்கும் இடம் வந்திருக்கிறது. ஷ்யாமா, நிஹால் கவிரத்னே தம்பதி 2006-ல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா குழந்தைகள் காப்பகங்கள் இப்போது சென்னையிலும் இருக்கின்றன. சிகிச்சைக்காக வரும் குடும்பங்கள் அங்கே காசில்லாமல் தங்கலாம். குடும்பத்துக்கு ஓர் இடம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை.

இப்படிப்பட்ட பொதுச் சமையலறையில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால், குடும்பங்களுக்கு எது தெம்பு தருகிறது என்பது பேச்சிலேயே தெரியும். ஒருத்தி இட்லித் தட்டை இறக்கிக்கொண்டே பக்கத்தில் புதிதாக வந்தவளிடம் சொல்வாள்: “சூடாவே குடுத்துடு. ஆறினத குடுக்காத. பழம்னா வாழைப்பழம், தோல் கெட்டியா இருக்கறது. கவுண்ட் இறங்கியிருக்கறப்போ திராட்சையெல்லாம் வேணாம்.” புதியவள் கேட்பாள்: “கவுண்ட்னா என்னக்கா?” ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை என்பதிலிருந்து தொடங்கும் பாடம். நூறு டிகிரி தாண்டி நாலு பாயிண்ட் போனால் நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதுகில் ஊசி போட்ட பிறகு கொஞ்ச நேரம் தலையணை இல்லாமல் படுக்க வைக்க வேண்டும். கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் போகும் குழந்தையைக் கதவுவரை பேசிக்கொண்டே கொண்டுபோய் விட வேண்டும். முடி கொட்டும், மறுபடி முளைக்கும். அரியலூரும் ஆம்பூரும் அந்த அடுப்படியில் சொந்தக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். எந்தக் கையேட்டையும்விட இந்தப் பேச்சு அந்தப் பெண்ணின் நெஞ்சில் நிற்கிறது, ஏனென்றால் சொல்பவள் அதே ராத்திரிகளைக் கடந்தவள்.

குழந்தையிடம் என்ன சொல்வது என்பதில் மாற்றம் மெதுவாகத்தான் வருகிறது. அன்று யாரும் எதுவும் சொன்னதில்லை. அமெரிக்க மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர், மூன்றிலிருந்து ஒன்பது வயதுவரையான ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளோடு மாதக்கணக்கில் இருந்து கவனித்து 1978-ல் ஒரு புத்தகம் எழுதினார். யாரும் சொல்லாவிட்டாலும் தாங்கள் இறக்கப் போகிறோம் என்பது அந்தக் குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்துக் கட்டிலிலிருந்து காணாமல் போன பையனுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள், அதே மருந்து இப்போது தனக்கு வருகிறதா என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அம்மா அப்பா உடைந்துபோவார்கள் என்று தெரியாதது போலவே இருந்தார்கள். பெரியவர்கள் குழந்தைக்காக மறைக்க, குழந்தை பெரியவர்களுக்காக மறைத்திருக்கிறது. நம் வார்டுகளிலும் ராத்திரி டூட்டி சிஸ்டரிடம்தான் குழந்தைகள் கேட்பார்கள், அம்மா தூங்கிய பிறகு. வீட்டில் இருக்கும் அண்ணன், தங்கை நிலைமை இன்னும் பாவம். ‘தம்பி ஊருக்குப் போயிருக்கான்’ என்ற பதிலோடு பல வருடம் வளர்ந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

வலி விஷயத்தில் இடையில் நாம் பின்னோக்கிப் போனதையும் சொல்ல வேண்டும். 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கடும் வலியைப் போக்கும் மார்ஃபினை ஏகப்பட்ட லைசென்ஸ்களுக்குள் பூட்டியது. மருத்துவமனைகள் அதை வாங்குவதையே விட்டுவிட்டன. நாட்டின் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்காகப் போராடி 2014-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அந்த முப்பது வருடத்தில் வலியில் துடித்து இறந்த குழந்தைகளின் பெற்றோருக்குப் பிள்ளையை நினைத்தால் அந்தக் கடைசி நாட்கள்தான் கண்முன் வருகின்றன. இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக்கு நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். கடைசிக் காலத்தில் குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பும் குடும்பத்துக்கு இது பெரிய துணை.

இனி, பிழைக்காத குழந்தைகளின் வீடு. இங்கேதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல நான் தயங்குகிறேன்.

பெரியவர் இறந்தால் நமக்குப் பதினாறு நாள் உண்டு. சொந்தம் வரும், சாப்பாடு வரும், அழுவதற்கு ஆள் இருக்கும். சிறு குழந்தை இறந்தால் பல வீடுகளில் காரியம் கிடையாது. அன்றே புதைத்துவிட்டு வருவார்கள். அம்மா இடுகாட்டுக்குப் போகக் கூடாது. போட்டோ மாட்டக் கூடாது, துணிமணியை யாரோ எடுத்துப் போய்விடுவார்கள், ‘அடுத்தது பொறந்தா எல்லாம் மறந்துடும்’ என்பார்கள். இவ்வளவும் அன்று இருந்தது. ஆனால் அதே தெருவில் ஒரு கிழவி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்து, அந்தத் தாயையும் கட்டிப் பிடித்து அழ வைத்தாள். ஒரு மாதம் கழித்தும் பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்தது. இன்று கதவைச் சாத்திய ஃபிளாட்டில் வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படங்கள் வருகின்றன, மூன்றாம் நாள் அவையும் நின்றுவிடுகின்றன. இந்த ஒன்றில் நாம் முன்னேறவில்லை, இருந்ததையும் இழந்திருக்கிறோம்.

மருத்துவமனையோடு இருந்த உறவும் அன்றோடு அறுந்துபோகிறது. இரண்டு வருடம் பேர் சொல்லி அழைத்த சிஸ்டர்கள், கவுண்ட் பேசிய அக்காக்கள், எல்லோரும் ஒரே நாளில் இல்லாமல் போகிறார்கள். எந்தக் கேள்வி ராத்திரி தூங்க விடாது என்று பிள்ளையை இழந்த பெற்றோரைக் கேட்டால், அநேகமாக எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “நாங்க லேட்டா கூட்டிட்டு வந்துட்டோமா டாக்டர்?” அடுத்தது: “நான் கர்ப்பமா இருந்தப்போ சாப்பிட்டது எதுவும் காரணமா?” பெரும்பாலான குழந்தைப் புற்றுநோய்களுக்குப் பெற்றோர் செய்த எதுவும் காரணம் அல்ல. அதைச் சொல்லும் தகுதி சிகிச்சை கொடுத்த டாக்டருக்குத்தான் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியோடு அதே மருத்துவமனை வாசலை மறுபடி மிதிக்கும் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கும்?

மற்ற இடங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1968-ல் ஒரே மருத்துவமனையில் இரண்டு சிறுவர்கள் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். அந்த இரு பெற்றோரையும் அங்கிருந்த இளம் பாதிரியார் சைமன் ஸ்டீபன்ஸ் ஒன்றாக உட்கார வைத்தார். தான் சொன்ன ஆறுதலைவிட அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டது பலித்ததை அவர் கண்டார். 1969-ல் அது ஓர் அமைப்பாகி, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. ஆக்ஸ்ஃபோர்டில் 1982-ல் திறந்த ஹெலன் ஹவுஸ், குணமாகாத நோயுள்ள குழந்தைகளும் குடும்பமும் தங்கி இளைப்பாறும் உலகின் முதல் இல்லம். பிள்ளையை இழந்த பெற்றோருக்கு இரண்டு வார விடுப்பை 2020-லிருந்து அந்நாட்டுச் சட்டமே தருகிறது. நம் மத்திய அரசு 2022-ல், பிறந்ததும் குழந்தையை இழக்கும் பெண் ஊழியருக்கு 60 நாள் விடுப்பு அறிவித்தது. நல்ல தொடக்கம். ஆனால் ஏழு வயது மகளைப் புதைத்துவிட்டு வந்த அப்பா அடுத்த வாரம் ஃபேக்டரி ஷிஃப்டுக்குப் போகத்தான் வேண்டும்.

இங்கே 2004-ல் பூனம் பகாய் தொடங்கிய கேன்கிட்ஸ் அமைப்பு பெற்றோர்களையும் குணமாகி வளர்ந்தவர்களையும் துணைக்கு நிறுத்துகிறது. டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். தேவையான வசதிதான், ஆனால் மறுமுனையில் இருப்பவர் அந்தக் குழந்தையைப் பார்த்தவர் இல்லை.

பார்த்தவர்கள் வார்டில் இருக்கிறார்கள். பெற்றோரின் செல் நம்பர் கேஸ் ஷீட்டிலேயே இருக்கிறது. குழந்தை போன ஒரு மாதத்தில் ஒரு போன், அதன் பிறந்தநாளில் ஒன்று, ‘டாக்டர்ட்ட ஏதாவது கேக்கணுமாம்மா, ஓ.பி. இல்லாத நேரமா வர்றீங்களா?’ என்று ஓர் அழைப்பு, விருப்பம் இருந்தால் முன்பே பிள்ளையை இழந்த இன்னொரு பெற்றோரின் அறிமுகம். இதற்குத் தனிக் கட்டடம் வேண்டாம். மருத்துவ சமூகப் பணியாளர் ஒருவருக்கு வாரத்தில் ஒரு மதியம் ஒதுக்கி, அதையும் அவருடைய வேலையாகவே எழுதி, அதற்கும் சேர்த்துச் சம்பளம் கொடுக்க வேண்டும்.